திருப்பக் கூடாது

என் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டி எடுத்த வெள்ளை அட்டை. அதில் கறுப்பு மையில் 'இந்தச் சுவிட்சைத் திருப்பக் கூடாது' என்று எழுதியிருக்கும். கையெழுத்து என்னுடையது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தியவனின் கரும்பலகைக் கையெழுத்து. ஓர் எழுத்துகூடக் கோணாமல் வரிசையாக நிற்கும். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள்கூட அதைக் கிழிக்காமல் சுற்றிலும் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த அட்டையைப் பற்றியும், அதை என்னை எழுதச் சொன்ன வயர்மேனைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதால் யாருக்கும் எதுவும் கிடைத்துவிடாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் மூன்று பேஸ், அதாவது மூன்று தனித்தனி மின்வரி, இணைப்பு உள்ள வீடுகளில் மீட்டருக்கு அருகே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். ஆற்றில் தண்ணீர் வராத கோடை மாதங்களில், குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் போர்வெல் மோட்டார்களை ஓட்ட ஆரம்பித்ததும், ஏதாவது ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கிவிடும். பேன் சோம்பிப்போய்ச் சுற்றும். எழுந்துபோய்ச் சுவிட்சை அடுத்த எண்ணுக்குத் திருப்பினால் வீடு வேறொரு பேஸுக்கு மாறிக்கொள்ளும், காற்று வரும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. நெற்றி வேர்வையைத் துடைக்கிற மாதிரி, கை தானாகப் போகும்.

வயர்மேனுக்குப் பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எட்டாம் வகுப்போடு நின்றவர். காதில் பென்சில் மாதிரி டெஸ்டரைச் செருகியிருப்பார். சட்டைக்குள் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை தொங்கும். மெயினை நிறுத்திய பிறகும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார். "மெயின்தான் ஆஃப் பண்ணிட்டியே, அப்புறம் எதுக்குய்யா சாமிய கூப்புடுற?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் நிறுத்திட்டேன் சார். வூட்ல படிச்சவங்க இருக்கீங்களே, யாராச்சும் போட்டுட்டா?" என்றார். நான் சிரித்தேன். அவர் என்னைக் கிண்டல் செய்யும் உரிமையை எப்போது எடுத்துக்கொண்டார் என்று நினைவில்லை. ஆனால் அந்த உரிமையில் மரியாதை ஒரு நாளும் குறைந்ததில்லை. என் வகுப்பில் படித்த எத்தனையோ பேரிடம் இல்லாத ஒரு நம்பிக்கை அவருக்கு என்மேல் இருந்தது. நான் சொன்னால் அது புத்தகத்தில் இருப்பது மாதிரி.

எங்கள் வீடு நீளமான பழைய வீடு. முன்கட்டில் நான், பின்கட்டில் என் அக்கா, நடுவில் நெல் மூட்டை அடுக்கும் அறை. அத்தான் இறந்த பிறகு அக்கா இங்கே வந்தாள். தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பேச்சு வரக் கூடாது என்பதற்காகப் பின்கட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டாள். என் மனைவி போன பிறகு எனக்கும் சேர்த்துச் சமைத்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் கட்டிலோடு ஆகிவிட்டாள். அவளுக்கு ஒரே மகன், வளைகுடாவில் வேலை. அவனோடு வீடியோவில் பேசுவதுதான் அவளுக்கு நாள் என்று ஒன்று விடிவதற்கான காரணம். பின்கட்டில் செல்போன் சிக்னல் கிடையாது. முன்கட்டில் இருந்த மோடத்தின் வைஃபை அந்தத் தடித்த சுவர்களையும் நெல் மூட்டைகளையும் தாண்டவில்லை. வயர்மேன் இரண்டு முறை மேல்சுவர் வழியாகக் கேபிள் இழுத்துக் கொடுத்தார். இரண்டு முறையும் நெல் அறை எலிகள் கடித்துத் தின்றுவிட்டன. "உங்க வூட்டு எலி நெல்லு தின்னு சலிச்சிருச்சு சார், இன்டர்நெட்டு கேக்குது" என்றார்.

அப்போதுதான் நான் அந்த இரண்டு பெட்டிகளை வரவழைத்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒன்றை மோடத்துக்குப் பக்கத்து பிளக்கில் செருகி, மோடத்தோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை அக்கா அறையில் செருகினால் அங்கே வைஃபை வரும். வீட்டின் கரண்ட் ஒயரே இன்டர்நெட்டைச் சுமந்துகொண்டு போய்விடும். தனியாகக் கேபிள் வேண்டாம். சுவருக்குள் குழாயில் போகிற ஒயரை எலியும் கடிக்காது. வயர்மேன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்டு போற ஒயர்லயே இதுவும் போவுமா? நான் எட்டாவதுன்னு வெளயாடாதீங்க சார்."

கரண்ட் மெதுவான அலை, இது மிக வேகமான அலை, இரண்டும் ஒரே கம்பியில் போனாலும் பெட்டி பிரித்து எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "அப்ப வாய்க்கால்ல கடுதாசிக் கப்பல் வுடுற மாதிரி. தண்ணி வயலுக்கு, கப்பல் அக்காவுக்கு" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் நான் எந்தப் பாடத்தையும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆனால் பெட்டி வேலை செய்யவில்லை. மூன்று விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரிந்தது. பெட்டியில் கோளாறு, திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். வயர்மேன் ஒரு காலை முழுக்க டெஸ்டரும் கையுமாக முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்தார். பிறகு வந்து சொன்னார்: "பொட்டி மேல பழி போடாதீங்க சார். முன்கட்ட நீங்க ரெண்டாம் நம்பர்ல வச்சிருக்கீங்க. அக்கா ரூமு இந்தச் சுவிட்சுல சேராது, எப்பவும் ஒண்ணுலயே இருக்கு. ஒரு வாய்க்கால்ல கப்பல வுட்டுட்டு இன்னொரு வாய்க்கால்ல போயி காத்துகிட்டு நின்னா எப்புடி வரும்?" சுவிட்சை ஒன்றுக்குத் திருப்பினார். பின்கட்டிலிருந்து அக்கா, "மூணும் எரியுதுடா!" என்று கத்தினாள். அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. உள்ளே லேசாகச் சுருக்கென்று இருந்ததை மறைக்க மாட்டேன்.

"இனிமே இத யாரும் தொடக் கூடாது சார். ஒண்ணு எழுதி ஒட்டுங்க. நான் எழுதுனா யாரு மதிப்பா? நீங்க எழுதுனாதான் செல்லும்."

அப்படித்தான் அந்த அட்டை வந்தது.

கொரோனா ஊரடங்கின்போது அக்கா மகன் அங்கே நோயில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு மலையாள நர்ஸ் தினமும் ஒருமுறை, நம் நேரப்படி மதியம் இரண்டரை மணிக்கு, அவன் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பாள். ஐந்து நிமிடம். அக்கா இரண்டு மணிக்கே தலைவாரி, நெற்றியில் திருநீறு இட்டு, தலையணையில் சாய்ந்து போனைக் கையில் வைத்துக்கொள்வாள். முதல் மூன்று நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, அம்மா சாப்புடுறாங்களா?" என்பான். மூன்றாம் நாள் மூச்சு திணறத் திணற, "நாளைக்கி ஒண்ணு சொல்லணும்மா" என்றான். "என்னடா, பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியா?" என்றாள் அக்கா. நாற்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாதவன் அவன். முகமூடிக்கு மேலே அவன் கண் சிரித்தது எனக்குத் தெரிந்தது. "நாளைக்கி சொல்றேன். இப்ப மூச்சு வாங்குது." நர்ஸ், "மதி, மதி" என்று மலையாளத்தில் போதும் சொல்லிப் போனை எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் கடுமையான வெயில். சாப்பிட்டுவிட்டு ஏசி போட்டுப் படுத்தேன். ஒன்றரை மணிக்கு மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன போலிருக்கிறது. வோல்டேஜ் இறங்கி, ஏசி நின்றது. ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து மீட்டர் பெட்டிக்குப் போனேன். கை தானாகப் போய்விட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அது பொய். சுவிட்சில் கை வைத்தபடி நின்று அட்டையை ஒருமுறை படித்தேன். இரண்டேகாலுக்குத் திருப்பி வைத்துவிடலாம், முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் எண்ணுக்குத் திருப்பினேன். ஏசி ஓடியது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

விழித்தபோது நாலு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது.

ஓடிப்போய்ச் சுவிட்சை ஒன்றில் வைத்துவிட்டு, நெல் அறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். அக்கா அதே தலையணையில் சாய்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. "கூப்ட்டேன்டா. எவ்வளவு நேரம் உன்னைக் கூப்ட்டேன். போனு வரவே இல்ல" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த போன் உயிர் பெற்று, வராமல் போன அழைப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. ஒரு முறை அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. ஐந்து முறை. ஐந்தும் அவன் எண்ணிலிருந்து. நாங்கள் திரும்பக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"ஏன்டா வரல?" என்றாள். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருந்தாள்.

"ஒயரிங்ல ஏதோ லூஸ் கான்டாக்ட் போலருக்குக்கா. வயர்மேன வரச் சொல்றேன்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். கை தானாகப் போகும் என்று மேலே எழுதினேனே, அன்று தானாகப் போனது என் நாக்குதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது, அவனை வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள் என்று. அந்த நேரத்தில்தான் வயர்மேன் வந்து சேர்ந்தார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொல்லைப்பக்கமாக வந்தார். பெட்டியில் மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அவருக்குப் புரியவில்லை. மீட்டர் பெட்டிக்குப் போனார். சுவிட்ச் ஒன்றில் இருந்தது, பக்கத்தில் அட்டை இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். பிறகு வீட்டிலிருந்த ஜங்ஷன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஏணியை அவரே தூக்கித் தூக்கி வைத்து ஏறினார். கடைசியில் நெல் அறைப் பெட்டியில் டேப் கருகிய ஓர் இணைப்பைக் கண்டுபிடித்து, அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இதான் சார். என் கை ஜாயின்ட்டுதான் சார் இது. இதாலதான் வுட்டுப் போயிருக்கு, இல்ல சார்?"

அது நெல் அறை பேனுக்குப் போகும் இணைப்பு. அக்கா அறைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எனக்கு அது பார்த்த உடனே தெரிந்தது. பதற்றம் இல்லாமல் நிதானமாகப் பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் ஒயரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம்" என்றேன்.

அவர் நேராக அக்கா அறை வாசலில் போய் நின்றார். "அம்மா, என் கை தப்பும்மா" என்றார். அக்கா என்ன சொன்னாள் என்பதை நான் எழுத மாட்டேன். கட்டிலை விட்டு இறங்க முடியாதவள் வாயால் எவ்வளவு அடிக்க முடியுமோ அவ்வளவு அடித்தாள். அவர் அசையாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் நெல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இரண்டடி எடுத்து வைத்திருந்தால் போதும்.

பதினோராம் நாள் அவன் இறந்தான். உடல்கூட வரவில்லை. அந்த ஐந்து அழைப்புக்குப் பிறகு அவன் யாரோடும் பேசவில்லை என்று பிற்பாடு நர்ஸ் சொன்னாள். என்ன சொல்ல இருந்தான் என்று அவளுக்கும் தெரியவில்லை. "அம்மாவிடம் மட்டும்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்" என்றாள். அக்கா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். நான் காபி கொண்டுபோகும் ஒவ்வொரு காலையிலும், "என்னடா சொல்ல நெனச்சிருப்பான்?" என்று கேட்பாள். ஒரு நாள் கல்யாணம் என்பாள். ஒரு நாள் கடன் கிடன் இருந்திருக்குமோ என்பாள். ஒரு நாள், "சும்மா என்னைப் பேச வைக்க அப்படிச் சொல்லிருப்பான்" என்பாள். பதில் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். அவனிடமிருந்து அவளைத் துண்டித்த நான் எதிரே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

வயர்மேன் தொழிலை விட்டுவிட்டார். விட்டார் என்பது பாதிதான் உண்மை. ஊரும் விட வைத்தது. டீக்கடையில், "ஏம்ப்பா, உன்ன ஒயரிங்குக்குக் கூப்ட்டா, புள்ளையோட கடைசிப் பேச்ச அறுத்துல்ல போட்டுருவ" என்று ஒருவன் கேட்டானாம். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். எனக்கு இதைச் சொன்னவர்கள், "வாத்தியார் வூட்லயே இப்புடி பண்ணிட்டானே" என்று எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அன்றோடு நின்றிருக்கும். அந்தக் குறுவை அறுவடைக்கு முன்பே அவர் குடும்பத்தோடு பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டார், ஒரு தேங்காய் மண்டியில் சுமை தூக்க.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அக்காவே ஒரு நாள் சொன்னாள்: "அவன் என்ன வேணும்னேவா பண்ணான், பாவம். புள்ளைக்குட்டிக்காரன். கூப்ட்டு வேல குடுடா." அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. வாயைத் திறந்தேன். செய்யாத தவறுக்கு ஒருவனை மன்னிக்கவே அவளுக்கு இரண்டு வருடம் பிடித்திருந்தது. இனி இன்னொருவனை முதலிலிருந்து மன்னிக்க அவளிடம் நாள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அது அவள்மேல் கொண்ட இரக்கம் இல்லை. பயம். அவள் முகம் மாறுவதைப் பார்க்கிற பயம்.

போன மாதம் பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் போனேன். மண்டியில் லாரி நிறையத் தேங்காய் இறங்கிக்கொண்டிருந்தது. வயர்மேன் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். சாக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். காதில் டெஸ்டர் இல்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. இளநீர் சீவிக் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா போனது தெரியும் சார். கேதத்துக்கு வந்தேன். தெரு முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்" என்றார்.

நான் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். மதிய வெயில், ஏசி, மூன்றாம் எண், தூக்கம், பேன் இணைப்பு, 'இருக்கலாம்' என்று சொன்னது. பல வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் என் கையிலிருந்த இளநீரை வாங்கிக் கீழே வைத்தார். நான் அதைக் குடிக்கவே இல்லை.

"எனக்காக இவ்வளவு தூரம் பஸ்ல வந்து பொய் சொல்றீங்களே சார்" என்றார்.

"பொய் இல்லப்பா. நான்தான் திருப்பினேன்."

"நீங்க எப்புடி சார் திருப்புவீங்க? நீங்கதான எழுதி ஒட்டினீங்க? அன்னைக்கி எனக்கும் மொதல்ல சுவிட்சு மேலதான் சந்தேகம். போயிப் பாத்தேன். அட்டைய பாத்ததும் சேச்சேன்னு ஆயிடுச்சு. எழுதுன மனுசன் திருப்புவாரா?"

"அது பேன் ஜாயின்ட்டுப்பா. உனக்கே தெரியும், யோசிச்சுப் பாரு."

"அது பேனுக்குப் போற ஜாயின்ட்டா, ரூமுக்குப் போறதான்னு ஒயரு இழுத்தவன் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பத்திக் கவலப்படாதீங்க சார். நான் அந்த வருசமே கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஃபாதர் மன்னிப்புக் குடுத்துட்டாரு. தொழில வுட்டதுதான் நானே எனக்குப் போட்டுக்கிட்ட தண்டன. இப்ப மனசு லேசா இருக்கு."

என் பாவத்தை அவர் அறிக்கையிட்டு, அதற்கு மன்னிப்பும் வாங்கி வைத்திருந்தார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, நான் பெரிய மனிதனாகிக்கொண்டே போனேன். பக்கத்தில் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தவரிடம், "எங்க ஊரு சார். எம்பேர்ல இருக்குற பழிய தன்மேல போட்டுக்க வந்திருக்காரு" என்றார். அந்த ஆள் என்னைக் கும்பிட்டார். பஸ் வரும்வரை வயர்மேன் நிறுத்தத்தில் என்னோடு நின்றார். ஏறும்போது கேட்டார்.

"அந்த அட்டை இருக்கா சார்?"

"இருக்கு."

"எடுத்துராதீங்க. அடுத்து வர்ற வயர்மேனாவது பொழைக்கட்டும்."

அதனால் எடுக்கவில்லை. அக்கா அறையில் கட்டிலைக்கூட வெளியே போட்டாகிவிட்டது. பெட்டி மட்டும் பிளக்கில் இருக்கிறது. மூன்று விளக்கும் எரிகின்றன. வரவேண்டியது எல்லாம் அந்த ஆளில்லாத அறை வரைக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கோடையிலும் ஒன்றரை மணிக்கு மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் பேன் சோர்ந்துவிடுகிறது, ஏசி நின்றுவிடுகிறது, ஸ்டெபிலைசர் அடித்துக்கொள்கிறது. நான் மீட்டர் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, நாலு மணி வரை வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறேன். சுவிட்ச் ஒன்றில் இருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்து, ஓர் எழுத்தும் கோணாமல், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.